மண்ணுக்குள் தங்கம் எடுக்கிற வேலை

1

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் நிலக்கீழ் அறையில் இருக்கின்றன. ஞாயிறு விடியவே இறங்கினால்தான் ஒன்றாவது வெறுமையாகக் கிடைக்கும். போன ஞாயிறு அங்கே ஒரு பிள்ளை நின்றாள். ஊரிலிருந்து புதிதாக வந்தவள், எட்டாம் மாடியாம். என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அன்ரி, உங்கட வீட்டு அங்கிள்தானே மண்ணுக்குள்ள தங்கம் எடுக்கிறவர்?"

"ஆர் சொன்னது?"

"ஊரில எல்லாரும் கதைக்கினம். ஏதோ மெசின் ஒண்டு வைச்சிருக்கிறாராம், அது கத்துற இடத்தைக் கிண்டினாப் பவுணாம். வேற வேலைக்கே போறேல்லையாம். என்ர அண்ணாவும் இஞ்ச வந்தா உதைத்தான் செய்யப்போறன் எண்டு நிக்கிறார்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியது வேறு யாருமல்ல, என் மனிசன்தான். ஒரு கோடை முழுவதும் சிநேகிதர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். அந்தக் கோடை போய் எத்தனையோ பனிக்காலம் கடந்துவிட்டது. கதை மட்டும் இப்போதுதான் ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது.

"பேந்து சொல்லுறன் பிள்ளை" என்று சொல்லி, அரைகுறையாகக் காய்ந்த உடுப்பை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் அண்ணாவைப் போல இன்னும் எத்தனை பேர் நம்பிக்கொண்டு இருக்கிறார்களோ. அதனால் ஒருதரம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

2

எண்பத்து நாலாம் ஆண்டு நாங்கள் மூன்று பேர் இங்கே வந்து இறங்கினோம். நான், இவர், ஐந்து வயது மகள் நிரோ. என் தம்பி ரவி மட்டும் ஊரில் தங்கினான். அம்மாவும் அப்பாவும் முன்பே போய்விட்டதால் வீட்டில் அவன் தனி. அவனை எப்படியாவது இங்கே எடுத்துவிடவேண்டும் என்பதுதான் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை.

நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் என் நகைகளை மஞ்சள் துணியில் சுற்றி, பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து, கிணற்றுக்குப் பின்னால் நிற்கும் தேசிமரத்தடியில் புதைத்தோம். வழியில் ஆமிக்காரர் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் நகை புதைக்காத வீட்டு வளவு இருக்கவில்லை. தாலிக்கொடியோடு மட்டும் நான் வந்தேன். ரவி மண்ணை மிதித்துச் சமப்படுத்தி, மேலே சருகை இழுத்துவிட்டு, "அக்கா, நீங்கள் திரும்பி வரேக்க நானே கிண்டித் தருவன்" என்றான்.

என் மனிசன் ஊரில் வங்கி ஒன்றில் நகை அடைவு பிடித்துக் கடன் கொடுக்கும் பகுதியில் இருந்தவர். எந்த வீட்டுக் காப்பு, எந்த வீட்டு அட்டியல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இங்கே ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். வந்து இறங்கிய இடத்திலேயே தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் மாற்றி எழுதிவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் போர்மன் இவரைக் கந்தையா என்றுதான் கூப்பிடுவான். கந்தையா என் மாமனார். அவர் செத்து எவ்வளவோ காலம், ஆனால் இந்த நாட்டில் அவர்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறார். திருத்தலாம் என்று போனால் அதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு ஊரிலிருந்து ஒரு பத்திரம். கடைசியில் விட்டுவிட்டோம்.

இவருக்குச் சும்மா இருக்க வராது. லீவு நாளில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பார். கீழே வாகனத் தரிப்பிடத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடி நடப்பார். "இஞ்சேரப்பா, எங்கையாவது வெளியில போட்டு வாங்கோவன்" என்று நான்தான் கலைத்தேன். என் வாயை நானே அடிக்கவேண்டும். அன்றைக்குத்தான் ஸ்காபரோவில் மண்மேட்டுக்குக் கீழேயுள்ள ஏரிக்கரைக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காதில் ஹெட்போன் மாட்டி, நீளக் கம்பின் நுனியில் வட்டத் தட்டுப் பூட்டிய மெசினை மணலுக்கு மேலே ஆட்டியபடி நடந்திருக்கிறார். இவர் பொழுதுபடும்வரை அவருக்குப் பின்னால் நடந்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதமே பழைய சாமான் சந்தையில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவுமில்லை.

"உதென்னப்பா?"

"மெற்றல் டிடெக்டர். நிலத்துக்குக் கீழ இரும்போ செம்போ தங்கமோ கிடந்தாக் கத்தும்."

"எங்கட சோத்துப் பானை கத்துறது உங்களுக்குக் கேக்குதோ?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் ஹெட்போன் இருந்தது.

3

முதல் கோடை முழுக்க வந்தது சோடா மூடியும், ரின் திறக்கும் வளையமும், துருப்பிடித்த ஆணியும்தான். இடைக்கிடை சில்லறைக் காசு. காற்சட்டைப் பையில் மண். அதைத் தோய்க்கிறது நான்.

சில நாட்களில் மோதிரமும் தோடும் வரும். கோடையில் ஏரியின் குளிர்ந்த தண்ணீரில் இறங்குபவர்களின் விரல் சுருங்கி மோதிரம் கழன்று போகுமாம். இவர் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் உரசி, அடைவுக் கவுண்டரில் இருந்த அதே முகத்தோடு பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

"பித்தளை. பாரும் நிறத்தை, செத்த நிறம். வெள்ளைக்காரர் உதைத்தான் கலியாணத்துக்கும் போடுறது."

வெள்ளை நிறத்தில் வந்தவற்றை நிக்கல் என்றார். எல்லாம் நிரோவின் விளையாட்டுப் பேணிக்குள் போனது. அவள் தன் பொம்மைகளுக்கு முடியாகவும் ஒட்டியாணமாகவும் போட்டுவிட்டாள். பொம்மைகளோடு ஆங்கிலத்தில்தான் கதை. நான் தமிழில் கேட்டால் பொம்மைக்குத் தமிழ் தெரியாது என்பாள்.

இரண்டாவது கோடையின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசவேண்டும் என்றார்களாம். இவள் பேணியைத் தூக்கிக்கொண்டு போய், "என் அப்பா புதையல் தேடுகிறவர்" என்று சொல்லியிருக்கிறாள். பின்னேரம் ரீச்சர் எனக்காக வாசலில் காத்து நின்றார். மோதிரம் ஒன்றைத் திருப்பி உட்பக்கத்தைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகப் பத்து என்ற இலக்கமும் ஒரு எழுத்தும் குத்தியிருந்தது. இவை தங்கம், பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள் என்றார்.

பத்துக் கரட். எங்கள் ஊரில் இருபத்திரண்டுக்குக் குறைந்தால் அது தங்கமே இல்லை. மஞ்சள் பூசிய முகம்போல் மினுங்காவிட்டால் கையால் தொடமாட்டோம். இந்த நாட்டிலோ பாதிக்கு மேல் வேறு உலோகத்தைக் கலந்துவிட்டுத் தங்கம் என்கிறார்கள். நிக்கல் என்று இவர் எறிந்ததும் வெள்ளைத் தங்கமாம். ஆயுள் முழுக்கத் தங்கம் பார்த்த மனிசன் தங்கத்தைப் பொம்மைக்குப் போட்டு விளையாடக் கொடுத்திருக்கிறார்.

ரீச்சர் போகும்போது கேட்டார், இது உங்கள் கணவரின் பொழுதுபோக்கா என்று. அப்பாவின் உண்மையான வேலை என்ன என்று வகுப்பில் கேட்டபோது நிரோவுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். ஜன்னல் செய்கிறவர் என்றேன். நிரோவுக்கு முகம் விழுந்துபோனது.

4

அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. பேணியைக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அடுத்த கிழமை போர்மனிடம் போய் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"விசரே உங்களுக்கு?" என்றேன். "தம்பிக்கு ஸ்பொன்சர் போட வேலைக் கடிதம் வேணுமெண்டு தெரியுமெல்லோ?"

"இஞ்சேரும், யோசிச்சுப் பாரும். சனி ஞாயிறு மட்டும் தேடினதிலையே இவ்வளவு. ஏழு நாளும் தேடினா? இதையே முழுநேர வேலையாச் செய்யலாம். வேலைக் கடிதம் என்னத்துக்கு? வேலையில்லாதவனுக்குத்தான் கடிதம் வேணும். எங்களிட்டப் பவுண் இருக்கு."

அந்தக் கோடை நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தோம். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரட்டை வேலை செய்தேன். இவர் விடியவே பஸ் ஏறிக் கடற்கரையென்றும் பூங்காவென்றும் போய்விடுவார். கடற்கரை என்கிறேன், ஏரிதான். எனக்கு இன்னும் வாயில் வருவதில்லை. பூங்காக் காவலர் ஒருவர் இரண்டு தரம் கலைத்துவிட்டார். புல்லை மூடிபோல் வெட்டித் தூக்கி, கிண்டிவிட்டு, மறுபடி மூடி வைக்கப் பழகினார். நல்ல கிழமையும் இருந்தது. பஸ் காசே வராத கிழமைகள்தான் கூட. மெசின் ஆட்டுகிறவர்கள் கரை முழுக்க வந்துவிட்டார்கள், ஆனால் தொலைக்கிற சனம் கூடவில்லை. இதைச் சொன்னால் கோபம் வரும்.

தம்பியிடமிருந்து கடிதம் வரும். "அக்கா, கெதியாப் பாருங்கோ. ஒழுங்கையில என்ர வயசில மிச்சம் இருக்கிறது நானும் இன்னும் ரெண்டு பேரும்தான்." மற்றவர்கள் எங்கே என்று எழுதமாட்டான். எழுதவும் தேவையில்லை.

குடிவரவு அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் கிடைத்தது. இவர் கல்யாணக் கோட்டைப் போட்டார். அங்கே இருந்த பெண் அலுவலர் நல்ல மாதிரி, மெதுவாகத்தான் பேசினார். என் சம்பளத் துண்டுகளைப் பார்த்தார், தலையாட்டினார். கணவர் எங்கே வேலை என்று கேட்டார்.

சொந்தத் தொழில் என்றார் இவர். என்ன தொழில்? மெற்றல் டிடெக்டிங். அலுவலர் பேனையை வைத்தார். அது பொழுதுபோக்கு அல்லவா, அதில் நிரந்தர வருமானம் உண்டா என்று கேட்டார்.

அப்போது என் மனிசன் செய்த வேலையை எங்கள் ஊர் மனிசரைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். கோட்டுப் பைக்குள் இருந்து முடிச்சுப் போட்ட கைலேஞ்சித் துணியை எடுத்து, அவிழ்த்து, மேசையில் விரித்தார். முப்பது நாற்பது மோதிரம், சங்கிலித் துண்டுகள், ஒற்றைத் தோடுகள். எங்கள் ஊரில் ஒருவனுடைய பெறுமதியைக் காட்ட அதைவிட என்ன வேண்டும்? பெண் பார்க்கப் போனாலும் பவுண், வங்கிக்குப் போனாலும் பவுண். பவுணைக் கண்டால் எந்தக் கவுண்டரிலும் எழுந்து கதிரை தருவார்கள்.

அந்தப் பெண் கதிரையைப் பின்னால் தள்ளினார். ஒரு மோதிரத்தைப் பென்சில் நுனியால் தூக்கி, உள்ளே வெட்டியிருந்த பெயரை வாசித்தார்.

"இது உங்கள் மனைவியின் பெயரா?"

மேசை நிறைய மற்றவர்களின் கல்யாண மோதிரங்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது. களவு என்று அவர் சொல்லவில்லை. லேஞ்சியை மூடச் சொன்னார். குறைந்தது ஒரு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்த கடிதத்தோடு வாருங்கள், அதுவரை இந்த விண்ணப்பம் அப்படியே இருக்கும் என்றார். என் தம்பியின் படம் மேல் மூலையில் குத்தியிருந்தது. அதோடு கோப்பை மூடினார்.

வெளியே பஸ் தரிப்பில் நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "அவன் அங்க நெருப்புக்குள்ள நிக்கிறான். நீங்கள் இஞ்ச மண் கிண்டி விளையாடுறியள்." தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் லேஞ்சியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

5

அதற்குப் பிறகும் உடனே திருந்திவிடவில்லை. பனிக்காலம்தான் திருத்தியது. மெசின் கத்துகிறது, ஆனால் நிலம் கொங்கிறீற்று. கிண்டினால் கரண்டி வளைகிறது. சுடுதண்ணீரைத் தேமோஸில் கொண்டுபோய் நிலத்தில் ஊற்றிப் பார்த்தார். அது இளகி, நிமிடத்தில் மறுபடி இறுகியது. வருடத்தில் ஐந்து மாதம் பூட்டிக் கிடக்கும் நிலத்தை நம்பி வேலையை விட்ட முதல் மனிசன் இவராகத்தான் இருக்கவேண்டும்.

பனி கரைவதற்கு முன்பே ஜன்னல் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனார். போர்மன் சிரித்துவிட்டு, "வா கந்தையா" என்றானாம். பெயர் வெட்டிய மோதிரங்களைப் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கச் செய்தேன். மெசின் சப்பாத்து அலுமாரிக்குள் போனது. எப்போதாவது சனிக்கிழமையில் நிரோ, இங்கே வந்து வாங்கிய என் காப்பைக் கம்பளத்துக்குக் கீழே ஒளித்துவைப்பாள், இவர் மெசினால் தேடிக் கண்டுபிடிப்பார். தகப்பனும் மகளும் ஒரே பாஷையில் பேசியது அந்த விளையாட்டில்தான். அதில் பேச்சே தேவையில்லை.

வருடம் முடிந்தது, கடிதம் கிடைத்தது, கோப்புத் திறந்தது. ஆனால் அந்த வருடத்துக்குள் தம்பியின் கடிதங்கள் சில மாதம் நின்றுபோயின. நான் தபால்பெட்டியை ஒரு நாளைக்குப் பலமுறை திறந்து பார்த்தேன். வேலையில் சட்டி கருகியது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு சின்னக் கடிதம் வந்தது. சுகம், லொட்ஜில் நிற்கிறேன், விசா வந்தால் வாறன். அவ்வளவுதான். தேசிமரத்தைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

6

தம்பி வந்து இறங்கியபோது இலையெல்லாம் கொட்டிவிட்டது. விமான நிலையத்தில் இவர் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டார். தோள் நிரம்பவில்லை. அவனை விட்டு வரும்போது நன்றாகத்தான் இருந்தான்.

இரண்டு நாள் போனது. வரவேற்பறையில் படுத்தான், லிப்ட் சத்தத்துக்கு எழும்பினான். இவருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில், அவனைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சப்பாத்து அலுமாரியைத் திறந்தார்.

"தம்பி, தேத்தண்ணியைக் குடியும். உமக்கு ஒரு சாமான் காட்டுறன்."

நிரோ துள்ளிக்கொண்டு வந்து என் காப்பைக் கழற்றிக் கம்பளத்துக்குக் கீழே வைத்தாள். இவர் மெசினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார். ஹெட்போன் போடவில்லை, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. தட்டு கம்பளத்துக்கு மேலே போனது. மெசின் கத்தியது.

ரவி கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான். காற்சட்டைப் பைகளைக் கவிழ்த்து, சில்லறையையும் ஊர் வீட்டுக் கதவுத் திறப்பையும் மேசையில் வரிசையாக வைத்தான். சுவர்ப்பக்கம் திரும்பி, கால்களை அகட்டி, இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

நிரோ அதுவும் விளையாட்டு என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டு ஓடிப்போய் அவனுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று தானும் கையைத் தூக்கினாள்.

இவர் காப்புக்கு மேலேயே தட்டைப் பிடித்தபடி நின்றார், அது கத்திக்கொண்டே இருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன்.

தம்பி கைகளை இறக்கினான். திரும்பி எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"கோவிக்காதேங்கோ அத்தான். கை தன்ரபாட்டில போட்டுது."

பிறகு கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேநீரைக் குடித்தான். அதற்குப் பிறகுதான் சொன்னான்.

"தேசிமரத்தடிக்கும் உந்த மெசினைத்தான் கொண்டு வந்தவங்கள். வளவு முழுக்கத் தடவிக்கொண்டு வந்து, அந்த இடத்தில கத்தினது. ஆமிக்காரர் ஆயுதமெண்டு நினைச்சிட்டாங்கள். என்னைக்கொண்டுதான் கிண்டுவிச்சவங்கள், கையால. வெடிச்சா நான்தானே. பேணியைத் திறந்து பாத்திட்டு மெசின்காரன் சிரிச்சான். ஒருத்தன் உங்கட அட்டியலைத் தன்ர கழுத்தில வைச்சுப் பாத்தான், அக்கா. பேந்து பேணியையும் கொண்டு போனவங்கள், என்னையும் கொண்டு போனவங்கள்."

"ஏனடா எழுதேல்லை?"

"எழுதினா நீங்கள் நகைக்கு அழுவியளோ எனக்கு அழுவியளோ எண்டு யோசிச்சன்."

நான் அழுதேன். நகைக்கு இல்லை. என் நகை ஒவ்வொன்றின் நிறையும் மனப்பாடமாகத் தெரிந்த என் மனிசன் எது போனது, எது மிஞ்சியது என்று ஒரு சொல் கேட்கவில்லை. மெசினின் பின்மூடியைத் திறந்து பற்றரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

நிரோ இன்னும் சுவரோடுதான் நின்றாள். கை மட்டும் கீழே வந்திருந்தது. அவளுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

"மாமா, அவையளும் ட்ரெஷர் தேடுறவையோ? அது ரியல் ஜொப்போ? அப்பாட ஜொப் ரியல் இல்லையாம், ஹொபியாம்."

ரவி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஓம் செல்லம். அங்க அது முழுநேர வேலை. மாதச் சம்பளம், சாப்பாடு, சப்பாத்து, எல்லாம் குடுப்பினம்."